உப்புக் காற்றில் ஏழு மாதம் மிதித்த பெடல் கருவி

நுரையீரல் காசநோய்க்கான ஆறு மாத மருந்தில் ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தபோது, சிறிது சிறிதாக உடற்பயிற்சி தொடங்கலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். நோய்க்கு முன்பு, பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில், தென்கடல் பக்கமுள்ள எங்கள் வீட்டிலிருந்து வடகடல் வரை விடியற்காலையில் நடந்து திரும்புவது என் வழக்கம். ஆகவே பயிற்சி என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலம் அது. வடக்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளியதால் எட்டு நிமிடம் போனதே தெரியவில்லை. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைய, ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் கால் மணி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, ஆட்டோ கூப்பிடவா?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். களைப்பு வந்த இடத்தில் நடையை நிறுத்தலாம், ஆனால் அங்கேயே முடித்துவிட முடியாது, எப்படியும் வீடு வந்து சேர வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இராமநாதபுரத்தில் நான் பார்த்த இயன்முறை மருத்துவர் இதைக் கேட்டுவிட்டு, நாற்காலியில் அமர்ந்தபடி காலால் மிதிக்கும் சிறிய பெடல் கருவி ஒன்றை வாங்கச் சொன்னார். என் மகள் இணையத்தில் 1,850 ரூபாய்க்கு வரவழைத்தாள். முக்காலி போன்ற இரும்புச் சட்டம், இரண்டு பெடல், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, நடுவில் ஒரு சிறிய திரை, அவ்வளவுதான் கருவி. ஏழு மாதம் அதை நாள்தோறும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

நெடுநாள் படுத்து எழுந்தவருக்கு இதன் பெரிய குணம், நினைத்த நொடியில் நிறுத்தலாம் என்பதே. நிறுத்தும்போது நீங்கள் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறீர்கள். முதல் வாரம் திருகை முழுவதும் தளர்த்தி வைத்து, காலையில் மூன்று நிமிடமும் மாலையில் மூன்று நிமிடமும் மட்டுமே மிதித்தேன். வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் கால் தசை எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதை அறிந்த பிறகு அந்த வெட்கம் குறைந்தது: 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாக இருந்த முதியோர் பத்து நாள் படுக்கையிலேயே இருந்ததில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. நானோ நோயாளி, படுத்திருந்ததும் மாதக் கணக்கில்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு, சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலை இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தார். மூச்சிரைப்பே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து; எனக்கு இட்ட வரம்பு மூன்று. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் இரத்த ஆக்ஸிஜன் அளவு 90க்குக் கீழே போனாலும் நிறுத்த வேண்டும் என்றார். மறுநாள் காலை எழும்போது கால் கனத்திருந்தால் அன்று நிமிடத்தைக் கூட்டக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் உதவியது, ஏனென்றால் மிதிக்கும்போது வராத களைப்பு பல நாள் ஒரு பகல் கழித்தே வந்தது. இரண்டாம் மாத முடிவில் ஒரே அமர்வில் பன்னிரண்டு நிமிடம் எட்டினேன்.

குறைகளும் உண்டு, அவற்றில் சில எரிச்சலூட்டுபவை. திரையில் தெரியும் கலோரிக் கணக்கை நம்பவே வேண்டாம். என் கருவியில் அது பெடலின் சுற்றுகளை மட்டுமே எண்ணிப் பெருக்குகிறது. நான் திருகை முழுக்க இறுக்கி மிதித்தாலும் முழுக்கத் தளர்த்தி மிதித்தாலும் நூறு சுற்றுக்கு ஒரே எண்ணைத்தான் காட்டியது. நேரம் பார்க்க மட்டும் அந்தத் திரை பயன்படுகிறது. திருகின் இறுக்கம் உராய்வால் வருவதால், பத்து நிமிடத்துக்கு மேல் மிதித்தால் நடுப்பகுதி கை வைக்க முடியாதபடி சுடுகிறது. டைல்ஸ் தரையில் கருவி முன்னால் நழுவிக்கொண்டே போகிறது. பழைய கோணிச் சாக்கை நான்காக மடித்துக் கீழே போட்டு, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்ட பிறகே நின்றது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை துரு. இரு புறமும் கடல் உள்ள ஊரில் ஐந்தாம் வாரமே பெடல் அச்சின் நட்டுகள் செந்நிறமாகிவிட்டன. மிதிக்கும்போது கிறீச்சிடும் ஓசை பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். துரு உத்தரவாதத்தில் சேராது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே இந்தக் காற்றோடு நூறாண்டு போராடியது, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட வேண்டியிருந்தது என்னும்போது, 1,850 ரூபாய் இரும்பிடம் அதிகம் எதிர்பார்த்தது என் தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் கடலோர மக்களுக்கும் விற்கிறவர்கள் நான்கு நட்டையாவது நல்லதாகப் போடலாம். முதலில் தேங்காய் எண்ணெய் விட்டேன். அது தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துக் காரியத்தைக் கெடுத்தது. பிறகு, படகு எஞ்சின் உதிரி பாகம் விற்கும் கடையில் அளவு காட்டி எவர்சில்வர் நட்டும் வாஷரும் வாங்கி மாற்றினேன். மொத்தம் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதன் பின் தையல் இயந்திர எண்ணெய் வாரம் ஒரு சொட்டு போதுமானதாக இருக்கிறது.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலியின் உயரத்தை இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது. தாழ்வான நாற்காலியில் முட்டி அளவுக்கு மீறி மடங்கி எனக்கே முதல் வாரம் வலித்தது. உடல் வலுவாக உள்ளவர்களுக்கு இது ஒரு மாதத்தில் போதாமல் போகும். எனக்கு இப்போது காலை நடை திரும்பிவிட்டது, வடகடல் வரை போய் எங்கும் உட்காராமல் வீடு திரும்புகிறேன். கச்சான் கடுமையாக வீசும் நாட்களில் மட்டும் கோணிச் சாக்கை விரித்துக்கொண்டு பெடலில் உட்கார்ந்துவிடுகிறேன்.