கிளஸ்டர் மோதல்: எக்ஸ்ரேயை நம்புறதா ரேடியோவை நம்புறதா?

பெப்ரவரி மாசம் ராத்திரி ஒன்பது மணிபோல திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில நிண்டு தெற்க பாத்தா அகத்திய நட்சத்திரம் பளிச்செண்டு தெரியும், அதுக்குக் கொஞ்சம் கீழ இடப்பக்கமா, ஏறக்குறைய 380 கோடி ஒளியாண்டு தூரத்திலதான் புல்லட் கிளஸ்டர் கிடக்கு. கண்ணுக்கு ஒண்டும் தெரியாது, அது வேற கதை. ரெண்டு கேலக்ஸிக் கூட்டம் (அதைத்தான் கிளஸ்டர் எண்டுறது) மோதின இடம் அது. ஏ/எல் படிக்கிற மருமகன் அங்க வச்சுத்தான் கேட்டான், "மாமா, இந்த மாதிரி மோதலை எக்ஸ்ரேயிலயும் பாக்கிறாங்க ரேடியோவிலயும் பாக்கிறாங்க, ரெண்டும் வேற வேற நம்பர் சொல்லுதாம், எதை நம்புறது?"

முதல்ல எக்ஸ்ரே. கேலக்ஸிகளுக்கு நடுவில கோடிக்கணக்கான டிகிரி சூட்டில வாயு நிறைஞ்சிருக்கு, அதுதான் எக்ஸ்ரே விடுது, ஆனா எங்கட காத்து மண்டலம் அதைக் கீழ விடாது, அதால சாட்டிலைட் வேணும். 1999-ல போன சந்திராவும் (எங்கட விஞ்ஞானி சந்திரசேகர் பேர்தான்) எக்ஸ்எம்எம் நியூட்டனும் இண்டைக்கும் பெரிய கைகள். சந்திராவுக்குக் கண் கூர்மை, நியூட்டனுக்கு வெளிச்சம் சேர்க்கிற வாய் பெரிசு. வள்ளம் வேகமா ஓடேக்க முன்னால அலை விரியுமே, அதே மாதிரி ஒரு அதிர்ச்சி அலையை புல்லட்டில சந்திராதான் காட்டினது. கன்னியா வெந்நீர் ஊத்தில ஏழு கிணத்திலயும் ஒவ்வொரு சூடு, ஒவ்வொண்டா அள்ளி ஊத்தினாத்தான் தெரியும், எக்ஸ்ரே ஸ்பெக்ட்ரமும் (எக்ஸ்ரேயை ஆற்றல்வாரியாப் பிரிச்சுப் பாக்கிறது) அப்பிடித்தான், அலைக்கு முன்னால என்ன சூடு பின்னால என்ன சூடு எண்டு பாத்து வேகத்தைக் கணக்குப் போடலாம். புல்லட்டுக்கு மாக் 3 எண்டு வந்தது, அதாவது அந்த வாயுவில ஒலி போற வேகத்தைப்போல மூண்டு மடங்கு.

ஆனா ஒரு குறை. வாயு பாதியாக் குறைஞ்சா வெளிச்சம் காலாக் குறையும், அதால கிளஸ்டரின்ட ஓரத்துக்குப் போகப் போக இருட்டுத்தான்.

ரேடியோ ராசா அங்கதான். அந்த அதிர்ச்சி அலை இலத்திரன்களை முடுக்கிவிட, அதுகள் காந்தப்புலத்தில சுத்திச் சுத்தி ரேடியோ அலை விடும். 2010-ல வெளிவந்த சாசேஜ் கிளஸ்டரில 60 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு மெல்லிசா ஒரு வில்லு, அதைப் பாத்த கருவிகளில பூனேக்குப் பக்கத்தில இருக்கிற ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் ஒண்டு, 45 மீட்டர் அகல டிஷ் முப்பது. ஏன் மெல்லிசு எண்டா இலத்திரன் பத்துக்கோடி வருசம்போலத்தான் தாக்குப்பிடிக்கும், அலை தாண்டிப்போனா பின்னால களைச்சு மங்கிடும், அதால அலை இப்ப எங்க நிக்குதெண்டு கோடு போட்ட மாதிரித் தெரியும்.

இனித்தான் சண்டை. டூத்பிரஷ் எண்டொரு கிளஸ்டர், எக்ஸ்ரே மாக் 1.5 பக்கம் நிக்குது, ரேடியோ 3-க்குக் கிட்ட சொல்லுது, சில அளவில அதுக்கும் மேல. பொய்யெண்டு ஒண்டையும் தள்ளேலாது. அலையில இடத்துக்கிடம் வேகம் மாறும், ரேடியோ உரத்த இடத்தைத்தான் கூடக் கேக்கும், எக்ஸ்ரே நாங்கள் பாக்கிற கோட்டில முன்னுக்கும் பின்னுக்கும் கிடக்கிற எல்லாத்தையும் கலந்து சராசரியாத் தரும். அதோட பழைய கேலக்ஸி கக்கிவிட்ட இலத்திரன் ஏற்கனவே சூடேறிக் கிடந்தா மெல்லிய அலையே போதும், பளிச்செண்டு எரியும்.

அதால என்ட தீர்ப்பு, அலை எங்க எண்டு கேட்டா ரேடியோ, எவ்வளவு வேகம் எண்டு கேட்டா எக்ஸ்ரே. மருமகனுக்கு சந்திரா ஆர்க்கைவைத்தான் (எடுத்த டேட்டாவைச் சேத்து வச்சிருக்கிற தளம்) காட்டிவிட்டன், ஃபைல் சின்னன், சும்மா இறக்கலாம். ரேடியோவின்ட பதப்படுத்தாத டேட்டாவை இறக்க வெளிக்கிட்டா வீட்டு டேட்டா பேக்கேஜ் ஒரு ராத்திரி தாங்காது.