அவசர வி.டி. அப்லேஷன்: ஈ.எஃப். எண்ணா, பெயினெஸ்டி மதிப்பெண்ணா, எக்கோவின் மற்ற அளவுகளா?

சேலம் பக்கம் இதய நோயாளியின் உறவினரைக் கேட்டால், "பம்பிங் 30தான் டாக்டர்" என்று எண்ணைச் சொல்லிவிடுவார். அதுதான் ஈ.எஃப்., இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம். 24 மணி நேரத்தில் 3 முறையோ அதற்கு மேலோ வி.டி. (கீழறையிலிருந்து எழும் ஆபத்தான வேகத் துடிப்பு) வந்து (இதுதான் ஸ்டார்ம்), மருந்துக்கும் அடங்காமல் அப்லேஷன் (அதை உண்டாக்கும் தசையைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயால் சுட்டு அழிப்பது) என்று முடிவாகும்போது, அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது.

பயப்பட வேண்டியது, மேசையிலேயே ரத்த அழுத்தம் சரிந்து மருந்துக்கும் ஏறாமல் போவதற்குத்தான். வி.டி. எங்கிருந்து எழுகிறது என்று தேடும் மேப்பிங்குக்காக அதை வரவழைக்கிறோம், மயக்க மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. கதீட்டரைக் குளிர்விக்கும் உப்புநீரும் உள்ளே போகிறது: நிமிடத்துக்கு 30 மி.லி. என்றால் 40 நிமிடச் சூட்டுக்கு 1.2 லிட்டர். 2015இல் வெளியான ஆய்வில், தழும்பு சார்ந்த வி.டி. உள்ள 193 பேரில் 22 பேருக்கு இந்தச் சரிவு ஏற்பட்டது. இந்த ஆபத்தை முன்கூட்டியே கணிக்கும் பெயினெஸ்டி (PAINESD) மதிப்பெண் அந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

கணக்கு இது: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு 5, வயது 60க்கு மேல் 3, மாரடைப்பு சார்ந்த இதயத் தசை நோய் 6, சிறு வேலையிலோ ஓய்விலோ வரும் மூச்சுத்திணறல் (மூன்றாம், நான்காம் நிலை) 6, ஈ.எஃப். 25க்குக் கீழ் 3, ஸ்டார்ம் 5, சர்க்கரை 3. மொத்தம் 8 வரை குறைந்த ஆபத்து, 9 முதல் 14 வரை நடுத்தரம், 15 அல்லது அதற்கு மேல் உயர் ஆபத்து.

ஏற்காட்டு காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் 64 வயதுக்காரர் ஒருவருக்குப் பழைய மாரடைப்பு, சர்க்கரை, ஸ்டார்ம், ஈ.எஃப். 30 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 17. நாற்பது வயதில் மாரடைப்பில்லாத தசை நோய், ஸ்டார்ம், ஈ.எஃப். 20 உள்ளவருக்கு 8. பம்பிங் குறைந்தவருக்குத்தான் மதிப்பெண் குறைவு! ஈ.எஃப்.பை மட்டும் பார்த்தால் முதலாமவரைச் சாதாரணமாக எண்ணி அனுப்பிவிடுவோம்.

ஆனால் மதிப்பெண்ணில் வலது கீழறையும் சிறுநீரகமும் இல்லை. அந்தக் குறையை எக்கோ ஓரளவு தீர்க்கும். டாப்சி (வலது கீழறை சுருங்கும்போது அதன் வால்வு வளையம் நகரும் தூரம்) 17 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் வலது பக்கம் தளர்ந்துவிட்டது என்று பொருள். பைபாஸ் செய்தவர்களுக்கு டாப்சி பெரும்பாலும் குறைவாகக் காட்டும், அவர்களுக்கு வலது கீழறை சுருங்கும்போது அதன் பரப்பு எவ்வளவு குறைகிறது என்ற பரப்பு மாற்ற விகிதம் 35%க்குக் கீழா என்று பாருங்கள். இடது வெளியேறு பாதையின் வி.டி.ஐ. (ஒரு துடிப்பில் ரத்தம் முன்னேறும் தூரம்) சாதாரணமாக 18 முதல் 22 செ.மீ. அது 10க்குக் கீழ் இறங்கினால் ரத்த ஓட்டமே போதவில்லை. டாப்ளர் கோடு ஓட்டத்துக்கு நேராக இல்லாவிட்டால் இது பொய்யாகக் குறையும்.

எக்கோவை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. மின் ஷாக் கொடுத்த கையோடு எடுத்தால் தசை திகைத்துப்போய் ஈ.எஃப். குறைவாகவே வரும். சீரான துடிப்பு திரும்பியபின் 3 முதல் 5 துடிப்புகளின் சராசரியை எடுங்கள். இடது கீழறையின் நுனியில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இருந்தால் உள்ளிருந்து செய்யும் அப்லேஷனைத் தள்ளிப்போட வேண்டிவரும்.

ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் பொருள்) 2 mmol/L-க்கு மேல் என்றால் கவனம் தேவை. ஷாக்குக்குப் பிறகும் அது உயரும் என்பதால் 2 மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். இதயச் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான என்.டி.-ப்ரோபி.என்.பி. சிறுநீரகக் கோளாறிலும் ஏறும், தனியாக அதிகம் உதவாது.

சேலத்திலிருந்து கோவைக்கு 160 கி.மீ. அனுப்ப நேர்ந்தால் கடிதத்தில் ஈ.எஃப்.போடு அது எந்தத் துடிப்பில் எடுத்தது, டாப்சி, வி.டி.ஐ., லாக்டேட், மதிப்பெண்ணின் ஒவ்வொரு பகுதியும் இருக்கட்டும். 15 அல்லது அதற்கு மேல் என்றால் கிளம்புமுன் போன் செய்து, ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாகத் தாங்கும் கருவிகளான இம்பெல்லாவோ எக்மோவோ தயாராக வைக்கச் சொல்லுங்கள்.