சுவரோரம் நடலாம் என்று சொல்லி விற்கப்படும் மரக்கன்றுகள்: வடசென்னை வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொடுங்கையூர், மாதவரம், வியாசர்பாடி, மணலி பக்கங்களில் அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு மனைகளில் வீடு கட்டியிருப்பவர்கள், “வாசலில் நிழலுக்கு மரம் வைத்துத் தருகிறோம், மண் முதல் நடவு வரை எல்லாம் எங்கள் பொறுப்பு” என்று வரும் நர்சரிக்காரர்களிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட்டால் போதும் என்ற பொய்யால் எங்கள் பெற்றோர் வீட்டின் சம்பும் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) கழிவுநீர்க் குழாயும் பாழாயின. அதைச் சரிசெய்வதாகச் சொல்லி அதே ஆட்கள் இரண்டாம் முறையும் பணம் வாங்கிக்கொண்டு, நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டுப் போனார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் நர்சரியின் பெயரை இங்கே எழுதவில்லை.

2020-இல் கொடுங்கையூர் வீட்டின் முன்புறம் வெயில் தாங்கவில்லை என்று அப்பா ஒரு புங்கங்கன்று கேட்டார். வந்தவர் அதை வேண்டாம் என்றார். “புங்க மரம் எல கொட்டும் சார், தெனம் பெருக்கிக்கிட்டே இருக்கணும். இது துபாய் செடி. எல கொட்டாது, ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணி ஊத்தலன்னாலும் நிக்கும். ஆணிவேர் நேரா கீழ எறங்கிடும், சுவத்தத் தொடவே தொடாது” என்று சொல்லி, சம்புக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையே இருந்த குறுகிய மண்பட்டையில் நான்கு கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனார். அவர் கொடுத்த ரசீதில் “செடி, எருமண், நடவுக்கூலி” என்று மட்டுமே எழுதியிருந்தது. மரத்தின் பெயர் எங்குமே இல்லை. அது கோனோகார்பஸ் என்று எங்களுக்குத் தெரியவந்தது மரங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப்பிடித்த பிறகுதான்.

முதலில் தண்ணீரில் மண் வாடை வந்தது. மோட்டார் போடாத இரவுகளிலும் சம்பின் நீர்மட்டம் இறங்கியது. தண்ணீரை இறைத்துவிட்டு மேஸ்திரி உள்ளே இறங்கியபோது, மெட்ரோ வாட்டர் குழாய் உள்ளே நுழையும் மூலையில், தேங்காய் நாரைத் திரித்துத் தொங்கவிட்டதைப் போல ஒரு பழுப்புநிற வேர்க்கற்றை தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறுத்தெடுத்து அந்த இடத்துப் பூச்சைக் கொத்தியபோது, உள்ளே முடி அளவில் தொடங்கிய வேர், செங்கல் இணைப்புக்குள் கட்டைவிரல் பருமனுக்கு ஊறி நின்றது தெரிந்தது. அம்மா சமையலுக்கும் குடிக்கவும் காய்ச்சிய தண்ணீர் அத்தனை நாளும் அங்கிருந்து வந்ததுதான். கழிவுநீர்க் குழாயின் கதையும் இதுவே. அடிக்கடி அடைத்துக்கொண்ட சேம்பரை (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டியை) திறந்து பிளம்பர் கம்பி விட்டபோது, ஸ்டோன்வேர் என்ற சுட்ட களிமண் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் வேர்கள் உருவிக்கொண்டு வந்தன.

ஆணிவேர் என்ற பேச்சை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படித்தவர்களையும் மயக்குவது அந்த ஒரு சொல்தான். கோனோகார்பஸ் கன்றுகள் பெரும்பாலும் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்க்கப்படுகின்றன, அப்படி வளர்ந்த கன்றுக்கு ஆணிவேர் என்பதே கிடையாது. விதையிலிருந்து முளைத்த மரமானாலும், வேருக்குக் காற்றும் ஈரமும் வேண்டும் என்பதால், அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில்தான் ஓடும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தாழ்வான வடசென்னைப் பகுதிகளில், நீரில் மூழ்கிய மண்ணில் வேர் மூச்சுவிட முடியாது என்பதால், அது இன்னும் மேலாகவே படரும். நல்ல நிலையில் உள்ள குழாயையோ கான்கிரீட்டையோ வேர் துளைப்பதில்லை. ஆனால் மயிரிழைக் கசிவு ஒன்று இருந்தால் ஈரத்தைத் தேடி அங்கே வந்து, உள்ளே நுழைந்து, பருத்து, அந்த இழையைப் பிளவாக்கிவிடும். பழைய செங்கல் சம்பும் சிமென்ட் இணைப்புள்ள குழாயும் உள்ள வீட்டில் இப்படி ஒரு கசிவு இல்லாதிருப்பது அரிது. இது நர்சரித் தொழில் செய்யும் ஒருவருக்குத் தெரியாத விஷயம் என்று நான் நம்பவில்லை.

புகார் சொன்னதும் அவர் மறுக்கவில்லை, வருந்தவும் இல்லை. “வேர் கட்டிங்” செய்து மருந்து ஊற்றினால் போதும் என்று தனியாக ஒரு தொகை பேசினார். அவருடைய ஆட்கள் வந்து, சம்பு இருக்கும் பக்கத்தில் மட்டும் அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி, கண்ணில் பட்ட தடித்த வேர்களையெல்லாம் கோடரியால் வெட்டிவிட்டு, ஏதோ நீலநிறக் கரைசலை ஊற்றிவிட்டுப் போனார்கள். குடிநீர்ச் சம்பின் சுவரோரத்தில் ஊற்றப்படுவது என்ன மருந்து என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. ஒரு பக்கத்துத் தாங்குவேர்கள் அறுபட்ட மரம் காற்றுக்கு எப்படி நிற்கும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மண் ஊறிப்போய், இரண்டு மரங்கள் வேர் வெட்டப்படாத பக்கமாகச் சாய்ந்து காம்பவுண்டு சுவரோடு விழுந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னல் இருக்கிறது. அந்த வீட்டு அக்கா குழந்தையோடு வேறு அறையில் படுத்திருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்த ஊரில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று பார்த்தவர்களுக்கு, வேர் அறுபட்ட மரத்தை வீட்டோரம் நிறுத்திவைப்பதன் பொருள் புரியும்.

இடைவெளி பற்றி, இத்தனைக்கும் பிறகு பொறியாளரையும் தோட்டக்கலை படித்தவர்களையும் கேட்டு நாங்கள் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் வருமோ, அதில் பாதியாவது சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் முழு உயரமும் தள்ளி இருப்பது நல்லது. வேப்பமரம், புங்கமரம், மாமரம் ஆகியவற்றுக்கு இருபதிலிருந்து முப்பது அடி வேண்டும். அரசு, ஆல், தூங்குமூஞ்சி ஆகியவை வீட்டு மனைக்கு உரியவையே அல்ல. கொய்யா, மாதுளை, நெல்லிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி விடலாம். கறிவேப்பிலை, பவழமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி போன்றவற்றைத்தான் ஐந்தாறு அடிக்குள் வைக்க முடியும். இந்த அளவைச் சொந்தச் சுவரிலிருந்து மட்டுமல்லாமல் சம்பு, செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், பக்கத்து வீட்டுச் சுவர் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். அப்படி அளந்தால், 1,200 சதுர அடி மனையில் வீடு கட்டிய பிறகு பெரிய மரம் எதற்குமே இடம் கிடையாது என்பதுதான் உண்மை. நிழல் வேண்டுமென்றால் பந்தல் போட்டுக் கொடி ஏற்றுவதே வழி.

மண்ணையும் பார்க்க வேண்டும். திருவொற்றியூர், இராயபுரம் கடலோரம் மணல் என்பதால் மண் சுருங்கும் அச்சம் குறைவு, ஆனால் காற்றுக்கு மரம் சாயும் அச்சம் உண்டு. கொடுங்கையூர் பக்கம் களிமண். கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கி, ஆழமில்லாத அடித்தளம் இறங்கும். மழையில் மறுபடி உப்பும். வெகுநாள் நின்ற பெரிய மரத்தை ஒரே நாளில் வெட்டிவிட்டாலும் அதே மண் உப்பிச் சுவரில் விரிசல் விடலாம் என்பதால், வெட்டுவதற்கு முன்பும் ஒரு பொறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோனோகார்பஸை அடையாளம் காண்பது கடினமில்லை. இரு முனையும் கூராக நீண்ட பளபளப்பான இலை, பொத்தான் அளவில் உருண்டையான பச்சைக் காய்க்கொத்து, வருடம் முழுவதும் பசுமை. குஜராத் அரசு 2023-இலும், தமிழ்நாடு அரசு 2025-இலும் இந்த மரத்துக்குத் தடை விதித்துவிட்டன. ஏற்கெனவே நட்டிருப்பவர்கள் தண்டை மட்டும் வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும்.

பணம் கொடுக்கும்போது ரசீதில் மரத்தின் பெயர், முழு வளர்ச்சியில் அதன் உயரம், சுவரிலிருந்து எத்தனை அடியில் நட்டார்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. எங்கள் முதல் ரசீதில் மரத்தின் பெயரே இல்லாததால், வேர் வெட்டிய வேலைக்கான ரசீதையும், சம்பைத் திறந்தபோது எடுத்த படங்களையும், “ஆணிவேர்தான் சார், பயப்படாதீங்க” என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.