மரம் சரி, உயரம் தப்பு: வீட்டுச் சவுனாவில் நான்கு வருடம்

ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் எங்கள் பக்கமே குடிவந்திருக்கும் நண்பர் ஒருவர், "சவுனா கட்டலாம்னு இருக்கேன், எந்த மரம் போடலாம்?" என்று கேட்டார். சவுனா என்றால் சூடேற்றிய மர அறையில் உட்கார்ந்து வியர்க்கும் நீராவிக் குளியல். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது உயரத்தை.

மரத்தில் எனக்குக் குறையே இல்லை. உட்காரும் பலகைகள் ஆஸ்பென். அதில் பிசின் கிடையாது, சூட்டையும் சட்டென்று உடம்புக்குக் கடத்தாது. 85 டிகிரியில் வெறும் தொடை பட்டாலும் சுடுவதில்லை. அதே பலகையில் ஒரு திருகாணித் தலை மேலே தெரிந்தால் தோல் பொத்துப்போகும். அதனால்தான் அடியிலிருந்து முடுக்குகிறார்கள். சுவருக்குச் செலவைக் குறைக்க ஸ்புரூஸ் போட்டோம். முதல் வருடம் கணுக்களில் பிசின் தேன் சொட்டு மாதிரி வந்து நின்றது, அப்புறம் அடங்கிவிட்டது.

என் கோபமெல்லாம் காலடியில்தான். தோட்டத்தில் வைக்கிற ரெடிமேட் மர அறை, 2க்கு 2 மீட்டர், உள் உயரம் 2.1. கனமீட்டருக்கு ஒரு கிலோவாட் என்ற கணக்கில் 9 கிலோவாட் கியுவாஸ், அதாவது மேலே கல் அடுக்கிய மின் அடுப்பு. அதுவரை சரி. கல்லில் தண்ணீர் ஊற்றினால் கிளம்பும் நீராவியை இங்கே லோய்லு என்பார்கள். அது கூரைக்கு ஏறி அங்கிருந்து இறங்கும். கல் மட்டத்துக்குக் கீழே அவ்வளவாக வராது. பாதம் கல்லுக்கு மேலே இருக்கணும் என்று ஃபின்லாந்துப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். என் கல்லின் மேல்மட்டம் 1 மீட்டர், கால் வைக்கும் பலகை 55 சென்டிமீட்டர். தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தேன்: காதுக்குப் பக்கத்தில் 84, கணுக்காலில் 46. காது எரிகிறது, கால்விரலுக்குச் சூடு எட்டவே இல்லை. பலகையை உயர்த்தினால் தலை இடிக்கும். விற்றவரோ, "எல்லாரும் இந்த அளவுதான் வாங்குறாங்க" என்று முடித்துவிட்டார். மனைவி காலை மடக்கி மேல் பலகையிலேயே வைத்துக்கொள்கிறாள். எனக்கு முட்டி ஒத்துழைப்பதில்லை.

போன வாரம் கியுவாஸில் ஒரு கம்பிச் சுருள் போய்விட்டது. கல்லையெல்லாம் எடுத்தால் அடியில் உடைந்து பொடியாகிக் காற்றுப் போக வழியில்லாமல் அடைத்திருந்தது. வருடம் ஒருமுறை எடுத்து அடுக்க வேண்டும். இரண்டு வருடம் விட்டது என் தப்பு. புதுக் கல் போட்ட பிறகு லோய்லு சுரீரென்று அறையாமல் மெதுவாக இறங்குகிறது.

இங்கே சவுனாவுக்கு வழிவழியாகச் சனிக்கிழமை. எங்கள் வீட்டு எண்ணெய்க் குளியலும் அன்றைக்குத்தான். ஊரிலிருந்து வந்த அப்பா இரண்டு சுற்று உட்கார்ந்துவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரியே தூங்கினார். எண்ணெயோடு மட்டும் உள்ளே போகாதீர்கள். ஆஸ்பென் வெளிர் மரம், கறை போகாது.

பனிக்காலத்தில் நாங்கள் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. ஆனாலும் நண்பரிடம் சொல்லிவிட்டேன்: இதை வாங்காதீங்க. 2.5 மீட்டர் கூரைக்கு இடமில்லை என்றால் கட்டவே வேண்டாம். உங்கள் குடியிருப்பின் பொதுச் சவுனாவில் வாரம் ஒரு மணி நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள், அங்கே காலுக்கும் சூடு வரும்.