மாங்கூழ் பக்கெட் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்

கிருஷ்ணகிரி பக்கம் பழைய பிளாஸ்டிக் பக்கெட் வாங்கி அதில் காடியோ ஊறுகாயோ போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 360 ரூபாயும் பதினெட்டு கிலோ பழமும் போய்விட்டது.

எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம். சீசன் முடியும் நேரத்தில் பெங்களூரா மாம்பழம் விலை விழுந்து பழம் மரத்தடியிலேயே கிடக்கும். வீணாகிறதே என்று இரண்டு வருஷமாக மாம்பழக் காடி போடுகிறேன், அதாவது வினிகர். பழத்தைக் கரைத்து வெல்லம் சேர்த்து வைத்தால் ஒரு வாரம் நுரைத்து அடங்கும், அப்புறம் வடிகட்டி, பழைய காடியின் மேல் மிதக்கிற வழுவழுப்பான ஏட்டை அதில் விட்டு, வாயில் துணி கட்டி ஒன்றரை மாதம் நிழலில் வைக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஐந்து லிட்டர் பீங்கான் ஜாடி ஒன்றுதான். அதனால்தான் பக்கெட் தேடிப் போனேன்.

பழைய டப்பா, டிரம் விற்கிற கடைக்காரர் மூடியோடு மூன்று பக்கெட் காட்டினார், ஒன்று 120 ரூபாய். "மாங்கூழ் வந்த பக்கெட்டுக்கா, சாப்பாட்டு ஐட்டம்தான், அடியில பாருங்க, முக்கோணத்துல ரெண்டு போட்டிருக்கு" என்றார். நானும் அதைப் பார்த்துத்தான் நம்பினேன். அந்த 2 என்ன பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும், எச்.டி.பி.இ. அவ்வளவுதான். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று அது சொல்லாது. பினாயில் கேனிலும் அதே 2 இருக்கும்.

சோடா உப்பு போட்டு வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். முகர்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டு பக்கெட்டில் பழக்கரைசல் ஊற்றினேன். ஆறாம் நாள் மூடியைத் திறந்தால் மாம்பழ வாசனைக்கு அடியில் துணி சோப்பு மாதிரி ஒரு மணம், நாக்கில் வைத்தால் கசப்பு. எண்ணெய்ப் பசையுள்ள வாசனைப் பொருளை இந்த பிளாஸ்டிக் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், வெறும் தண்ணீருக்கு அது சரியாக வெளியே வராது. பழம் புளிக்கும்போது முதலில் உண்டாவது ஆல்கஹால், அது காடியாக மாறுவது அதற்குப் பிறகுதான். அந்த ஆல்கஹால்தான் வாசனையை வெளியே இழுத்திருக்கிறது.

சந்தேகம் வந்து மூடியின் உள்பக்கம் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கத்தி முனையால் நெம்பினேன். பள்ளம் முழுக்க இளஞ்சிவப்பாகக் காய்ந்த பசை, ஈர விரலால் தேய்த்தால் நுரை வந்தது. தரை துடைக்கிற திரவமோ துணிக்குப் போடுகிற திரவமோ, அன்றே இரண்டு பக்கெட்டையும் கொட்டிவிட்டேன்.

கூழ் பேக்டரியில் வேலை செய்கிற என் சின்ன மாமனாரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "கூழு எங்கம்மா பிளாஸ்டிக் பக்கெட்ல போவுது?" அவர்கள் அடைப்பது மூன்று கிலோ தகர டின்னில், இல்லையென்றால் கிருமி நீக்கிய பையில் நிரப்பி இரும்பு டிரம்மில். இதை வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

கடைக்குத் திரும்பப் போனேன். "சாப்பாட்டுக்குன்னு நான் சொல்லலையேக்கா" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால் கையில் காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினாலும், என்ன இருந்த பக்கெட் என்று எழுதி பில் வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய பக்கெட்தான் வேண்டுமென்றால் தெரிந்த பேக்கரியிலோ ஓட்டலிலோ லேபிள் கிழிக்காமல் கேட்டு வாங்குங்கள். லேபிளைச் சுரண்டி எடுத்த பசைத் தடம் இருந்தால் தொடவே வேண்டாம். ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கீறல் விழுந்திருந்தாலும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் கீறலுக்குள் கிருமி தங்கும், அதனால் கம்பி நார் போட்டும் தேய்க்காதீர்கள். புளிக்கிற வாரத்தில் மூடியை இறுக்கக்கூடாது, வாயு வெளியே போக வழி வேண்டும்.

பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து அந்த மூன்று பக்கெட்டையும் கேட்டார். கொடுக்கவில்லை. கொடுத்தால் அதே மாதிரி ஒரு கடைக்குப் போய் மறுபடி யாருக்காவது மாங்கூழ் பக்கெட்டாகத்தான் விற்கப்படும். அடியில் ஓட்டை போட்டு செம்பருத்தி வைத்திருக்கிறேன்.