லயனா, ராணியா? நடுவில் அண்ணன் முத்து

1984 ஜூலை தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு யோகமான மாதம். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் அந்த ஒரே மாதத்தில் பிறந்தன. அதற்கு முன்பே, 1972 முதல், முத்து காமிக்ஸ் இருக்கிறது. லயனுக்கு அது சொந்த அண்ணன். முத்துவைத் தொடங்கிய சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன்தான் லயனின் ஆசிரியர். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போன பலரும் இந்த மூன்றில் ஒன்றுக்குக் கட்சி கட்டியவர்கள். மூன்றையும் ஆசையாகப் படித்தவன் நான். அதிகம் படித்தது ராணி, வியந்து படித்தது முத்து, பத்திரப்படுத்தி வைத்தது லயன். ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் இங்கே அலசப் போகிறேன்.

சிறுவர் இதழ்களான பூந்தளிரும் ரத்னபாலாவும் இந்தப் போட்டியில் இல்லை. குரங்கு கபீஷின் நீளும் வாலுக்கும் வேட்டைக்கார வேம்புவுக்கும் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே முழுநீளப் படக்கதைகள் மட்டும்.

முதல் இதழ்களிலிருந்தே தொடங்கலாம். லயன் வந்தது ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு. ராணி வந்தது ஜேம்ஸ்பாண்டின் ‘அழகியைத் தேடி’யோடு. ஒருவர் பெண், ஒருவர் ஆண் என்பதைத் தவிர இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ரகம்: பிரிட்டிஷ் நாளிதழ்களில் தினமும் ஒரு வரிசையாக வந்த உளவுக் கதைகள். மாடஸ்டியை உருவாக்கிய பீட்டர் ஓ’டொனல், அதற்கு முன்பு ஒரு பாண்ட் கதையையும் நாளிதழ் படக்கதையாக எழுதிக் கொடுத்தவர். ஆக, எதிரெதிர் முகாம்கள் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்துத்தான் ஆரம்பித்தன. இரண்டிலும் கதாநாயகிகளின் உடைகளைத் தமிழ்நாட்டுக்கு ஏற்ப மையால் கொஞ்சம் நீட்டிவிடும் வேலையும் நடந்தது. கூர்ந்து பார்த்தால் அந்தக் கறுப்புத் தீற்றல் தெரியும்.

பாதை பிரிந்தது அதற்கப்புறம்தான். அதைப் புரிந்துகொள்ள, கதைகள் மூலத்தில் எப்படி வெளிவந்தன என்று பார்க்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு இது தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

ராணியின் பெரும் பலம் பாண்டும், பின்னாளில் முகமூடி மாயாவியும். இருவரும் நாளிதழ் ஹீரோக்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு கட்டங்கள்தான் இடம். முதல் கட்டத்தில் நேற்றைய கதையை நினைவுபடுத்த வேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளைக்கு ஒரு கொக்கி போட வேண்டும். இப்படி எழுதியதைப் புத்தகமாகத் தொகுத்தால் கதை சறுக்குமரத்தில் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். ராணியில் வசனங்களையும் நறுக்கிச் சின்ன வாக்கியங்களாக்கி, பெரிய எழுத்தில் கொடுத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

முத்துவின் இரும்புக்கை மாயாவியும் லயனின் ஸ்பைடரும் வேறு இனம். பிரிட்டனின் ஃப்ளீட்வே நிறுவன வார இதழ்களில் தொடர்களாக வந்தவர்கள். வாரத்துக்கு இரண்டு பக்கம்தான். அந்த இரண்டு பக்கத்துக்குள் ஒரு சிக்கல் அவிழ வேண்டும், முடிவில் ஹீரோ இன்னொரு சிக்கலில் மாட்ட வேண்டும். அதையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகப் படிக்கும்போது இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை நெஞ்சு தூக்கிப்போடும். விவரம் தெரிந்தவர்கள் ‘நம்ப முடியாத திருப்பங்கள்’ என்று குறை சொல்வார்கள். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

லயனில் 1985-ல் ‘தலை வாங்கிக் குரங்கு’ மூலம் வந்து இறங்கிய டெக்ஸ் வில்லர் மூன்றாவது இனம். இத்தாலியில் 1948-ல் போனெல்லியும் கல்லெப்பினியும் உருவாக்கியவர். இவர் கதைகளுக்குப் பக்கப் பஞ்சமே கிடையாது. பாலைவனத்தில் குதிரை போவதற்கே இரண்டு பக்கம் கொடுப்பார்கள். நண்பர் கிட் கார்சனோடு பேசிக்கொண்டே சவாரி, ஊர் எல்லையில் ஒரு சாராயக் கடை, அங்கே ஒரு அடிதடி, அப்புறம்தான் வழக்கே தொடங்கும். ராணியில் இப்படி ஒரு நிதானத்தை நான் கண்டதில்லை. ராணியிலும் கௌபாய் கதைகள் வந்தன. பக் ஜோன்ஸை மறக்க முடியுமா! ஆனால் அங்கே குதிரைகள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, ஹீரோக்களை நேருக்கு நேர் நிறுத்துவோம். இந்தப் போட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இரும்புக்கை மாயாவியின் மூலப்பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவர். அந்த இடத்தில் எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். இந்த ஒரு வரிக் கற்பனையின் அழகு இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை. முழுக்க மறைகிறவன் என்றால் அவனுக்கு ஆபத்தே இல்லை, கதையும் இல்லை. அந்தக் கை தெரிவதால்தான் பதற்றம். கதவிடுக்கில் கை நகர்கிறது, காவலாளி திரும்புகிறான், கை உறைகிறது. போதாததற்கு மறைந்திருக்கும் நேரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. மீண்டும் மின்சாரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ இதைக் கறுப்பு வெள்ளையில் வரைந்த விதம் இருக்கிறதே, மூன்று காமிக்ஸ்களிலும் சேர்த்து அதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். பாதி முகம் நிழலில், மீதி முகத்தில் வியர்வை. ‘பாதாள நகரம்’, ‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’ என்று தலைப்பைச் சொன்னாலே எனக்கு அந்த நிழல்கள்தான் ஞாபகம் வரும்.

ஸ்பைடர் நேர் எதிர். இங்கே நுட்பத்துக்கு இடமில்லை, எல்லாமே பிரம்மாண்டம். கூர்மையான காதுகள், கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி. கூட்டாளிகளாக விஞ்ஞானி பெல்ஹாமும் பெட்டகம் திறப்பதில் மன்னன் ஆர்டினியும். ‘எத்தனுக்கு எத்தன்’ வெளியானபோது எங்கள் வயதுப் பிள்ளைகள் மயங்கியதற்கு முதல் காரணம், இவன் நல்லவன் இல்லை என்பது. குற்ற உலகின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்பதே அவன் லட்சியம். அதுவரை திருடனைப் பிடிப்பவர்களையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, திருடன் பக்கம் நின்று கதை படிப்பது புது அனுபவம். இரண்டாவது காரணம் அவனுடைய திமிர். வில்லன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் ‘என்னைவிடவா?’ என்று கேட்கிற தோரணை. பின்னாளில் அவன் நல்வழிக்குத் திரும்பி நீதிக்காகப் போராடும்போதுகூட அந்தத் திமிர் குறையவில்லை. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் என்று பெரியவனான பிறகு அறிந்தபோது, அந்தப் பிரம்மாண்டம் எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

ராணியின் முகமூடி மாயாவி வேறு மாதிரி. லீ ஃபாக் 1936-ல் படைத்த இவரை முத்துவில் வேதாளர் என்றே அறிந்திருந்தோம். தொண்ணூறுகளில் ராணிக்கு வந்ததும் மாயாவி ஆனார். இதனால் பெரிய குழப்பம் உண்டு. ‘மாயாவி கதை இருக்கா?’ என்று பழைய புத்தகக் கடையில் கேட்டால், எந்த மாயாவி என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். இவரிடம் மந்திரமும் கிடையாது, விஞ்ஞானமும் கிடையாது. நானூறு ஆண்டுகளாகத் தந்தைக்குப் பின் மகன் என்று தொடரும் ஒரு பரம்பரை, இருபத்தோராவது வாரிசு, மண்டையோட்டுக் குகை, குத்தினால் முத்திரை பதிக்கும் மோதிரம், டெவில் என்ற ஓநாய், டயானா என்ற காதலி. ஒரு குடும்பக் கதை கேட்கும் நிறைவு இவரிடம் மட்டும்தான் கிடைக்கும். குகையில் உட்கார்ந்து முன்னோர் எழுதிய குறிப்பேடுகளைப் புரட்டும் கட்டங்கள் எனக்கு எல்லாச் சண்டைகளையும்விடப் பிடிக்கும். ஆனால் ராணியில் பக்கத்துக்கு ஏற்றபடி கட்டங்கள் வெட்டி ஒட்டப்பட்டதால் ஓவியத்தின் விரிவு அடிபட்டது. ஓவியர் சை பாரியின் காடு சுவாசிக்க இடமில்லாமல் போனது.

மூவரில் யார் என்றால், ஓவியத்துக்கு இரும்புக்கை மாயாவி. துணிச்சலுக்கு ஸ்பைடர். அன்புக்கு முகமூடி மாயாவி. பத்து வயதில் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஸ்பைடர் என்றிருப்பேன். இன்றைக்கு இரும்புக்கை.

லயனின் இன்னொரு தூண், இரும்பு மனிதன் ஆர்ச்சி. பேசும், தற்பெருமை அடிக்கும், தன் எஜமானர்களையே கிண்டல் செய்யும் ரோபோ. காலப்பயணம் செய்யும் ஒரு கோட்டையும் உண்டு. இப்படி ஒரு கலகலப்பான ஆள் ராணியில் இல்லை. முத்துவில் உளவாளி ஜானி நீரோவுக்கு அவருடைய உதவியாளர் ஸ்டெல்லா ஈடுகொடுத்துப் பேசுவார். அதுவும் ரசிக்கும்படி இருக்கும். நகைச்சுவையில் மட்டும் லயன் குடும்பத்தை நெருங்க யாராலும் முடியவில்லை. சிரிப்புக் கௌபாய்களான லக்கி லூக்கும் சிக் பில்லும் வந்த பிறகு போட்டியே இல்லை.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். முத்துவின் தமிழ் கொஞ்சம் விறைப்பானது, ஆனால் கம்பீரமானது. வில்லன்கூட இலக்கணமாகச் சபிப்பான். லயனின் தமிழில் குறும்பு அதிகம். அடைமொழிகளுக்குப் பஞ்சமே இருக்காது. ராணியின் தமிழ் தினத்தந்தித் தமிழ்: எளிமை, நேர்மை, சுருக்கம். நிறைய பிள்ளைகள் வேகமாகப் படிக்கக் கற்றுக்கொண்டது ராணியில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மொழியில் விளையாட்டு உண்டு என்று தெரிந்தது லயனில். இரண்டுமே பெரிய உதவி.

கிடைப்பதில் ராணியை யாரும் அடிக்க முடியாது. ஒன்றரை ரூபாய்க்குத் தொடங்கிய இதழ், செய்தித்தாள் போகும் ஊருக்கெல்லாம் போனது. பெட்டிக்கடைக் கயிற்றில் வாரப் பத்திரிகைகளோடு தொங்கும். மாதம் இருமுறை வந்த காலத்தில் கடைக்காரரிடம் கேட்கக்கூட வேண்டாம். தேதி வந்தால் புத்தகம் இருக்கும். லயன், முத்து விஷயத்தில் இந்த நிச்சயம் கிடையாது. சில ஊர்களில் ஒரே ஒரு கடையில் வரும், சில மாதங்கள் வரவே வராது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து காத்திருப்பு இன்னும் நீண்டது. வராத புத்தகத்துக்காக ஏங்கியதில் அதன் மேல் பாசம் கூடியது என்பதும் உண்மை.

ஆனால் நான் லயனைப் பத்திரப்படுத்தியதற்கு ஏக்கம் மட்டும் காரணம் இல்லை. அதன் ஆசிரியர் பக்கம். ‘ஹாட்லைன்’ பகுதியில் விஜயன் வாசகரோடு பேசுவார்: அடுத்த மாதம் என்ன வருகிறது, எந்தக் கதையை எங்கிருந்து வாங்குகிறார்கள், எது சரியாகப் போகவில்லை. பின்னாளில் ‘சிங்கத்தின் சிறு வயதில்’ என்று தன் பதிப்பு அனுபவங்களையே தொடராக எழுதினார். கதைக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகள் நிறைய இருந்தோம். படக்கதை என்பது எங்கோ தானாக முளைப்பது இல்லை, அதற்கு எழுத்தாளர், ஓவியர், உரிமை, அச்சு எல்லாம் உண்டு என்று எங்களுக்குப் புரியவைத்தது அதுதான். ஒரு புத்தகம் தயாராகும் கதை தெரிந்தபின் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வராது. ராணியை நான் படித்து முடித்ததும் நண்பனிடம் கொடுத்துவிடுவேன், அவன் இன்னொருவனிடம். அது அப்படிக் கைமாறுவதற்கென்றே பிறந்த புத்தகம். அதில் எந்தக் குறையும் இல்லை. லயனின் தீபாவளி மலரும் கோடை மலரும் என்னோடே இருந்தன.

ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. இன்று அதன் இதழ்கள் சேகரிப்பாளர்களிடமும் பழைய புத்தகக் கடைகளிலும்தான். லயனும் முத்துவும் தட்டுத்தடுமாறி 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ மூலம் நிமிர்ந்து, வண்ணத்தில், நல்ல தாளில், பெரிய அளவில் பிரெஞ்சு-பெல்ஜியக் கதைகளைத் தருகின்றன. சந்தா கட்டினால் வீட்டுக்கே வரும். சென்னைப் புத்தகக் கண்காட்சியிலும் கிடைக்கும். இரும்புக்கை மாயாவியும் மறுபதிப்பாக வந்தார். விலை அந்தக் காலத்துச் சில்லறைக் காசில் இல்லை என்று வருத்தப்படுவோர் உண்டு. நியாயம்தான். பிள்ளை தன் கைக்காசில் தானே வாங்கும் படக்கதை என்பது ராணியோடு போய்விட்டது. அந்த இடத்தை இன்று வரை யாரும் நிரப்பவில்லை.

இன்றைய பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று நண்பர்கள் கேட்பார்கள். ஸ்பைடரைக் கொடுக்காதீர்கள் என்பேன். திரையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட கண்ணுக்கு அந்த ஹெலிகார் எடுபடாது. லக்கி லூக்கில் தொடங்குங்கள், வண்ணமும் சிரிப்பும் உடனே பிடிக்கும். பன்னிரண்டு வயது தாண்டியதும் டெக்ஸ். இரும்புக்கை மாயாவியை மட்டும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லிப் படித்துக் காட்ட வேண்டும்.