இழுத்துக்கொண்டு போவதா, மனுப் போடுவதா?

அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) பிரிந்துவிட, காரைக்குடியில் ஆத்தாவோடு இருந்து பத்தாவது படிக்கிற பையன், ‘இந்த ஞாயிறு அப்பச்சியைப் பார்க்கப் போக மாட்டேன்’ என்று வளவு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்பச்சி அவனைப் பார்க்கலாம் என்ற உத்தரவோ கோர்ட் போட்டது. திட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டால் அன்றைக்குச் சிக்கல் இல்லை, ஆனால் போன இடத்தில் தலை நிமிராமல் போனையே பார்த்துவிட்டு வருவான், அப்பச்சிக்கும் அது அவமானம்.

உத்தரவை மாற்றக் கேட்டு மனுப் போட்டால் செலவு, அலைச்சல், வாய்தா. சரி, ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். காப்பாளரை முடிவு செய்யும்போது விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கருதலாம் என்று 1890ஆம் வருடத்துக் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டம், பிரிவு 17(3), சொல்கிறது. நீதிபதி தனி அறையில் அவனிடமே கேட்பதும் உண்டு. (அவன் சொன்னதே தீர்ப்பாகிவிடாது.) அதுவரை அவனை அனுப்பாமல் சும்மா நிறுத்திவைத்தால் பழி ஆத்தா மேல்தான், கோர்ட் அவமதிப்பு வரைகூடப் போகலாம், அதனால் மறுத்த தேதியையும் காரணத்தையும் அப்பச்சிக்கு வாட்ஸப்பில் எழுதிவிடுங்கள்.